‘நம்ம ஆளு’ என்று கூவிய பறவை

அந்தக் காலத்தில் சேவலுக்கும் கொக்குக்கும் மட்டுமல்ல, நத்தைக்குக்கூடப் பேச வாய் இருந்தது. வாய் இருந்தால் சண்டை இல்லாமலா? மேற்கே மலையடியில் காட்டுச்சீமை. கிழக்கே ஏரியை ஒட்டி வயல்சீமை. இரண்டுக்கும் நடுவே ஒரு பொட்டல். அங்கே மரமும் கிடையாது, மடையும் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கல், நடுவில் மழைத் தண்ணீர் தேங்குகிற ஒரு குட்டை, அவ்வளவுதான்.

அந்தப் பொட்டலில் பேச்சி என்று ஒரு பறவை இருந்தாள். கறுத்த தலை, கண்ணோரத்தில் சிவப்புச் சதை, நீளமான மஞ்சள் கால். அவளை இன்றைக்கு நாம் கூப்பிடுகிற பெயர் அப்போது இல்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் கதை. அவள் புருஷன் காத்தான் பரம சாது. வீட்டுப் பேச்சு முழுக்கப் பேச்சியே பேசிவிடுவதால் அவனுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

பொட்டலில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வந்தாலும், எந்தத் திசையிலிருந்து வந்தாலும், "நம்ம ஆளு! நம்ம ஆளு வந்தாச்சு!" என்று கத்தி வரவேற்க வேண்டும். அதில் பேச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. தூரத்தில் ஒரு நிழல் அசைந்தால் போதும், துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடுவாள். காட்டுக்கோழி வந்தாலும் நம்ம ஆளு, வயல் எலி வந்தாலும் நம்ம ஆளு. வந்தவர்களுக்கும் உச்சி குளிர்ந்துபோகும். "அடடா, நம்மை எப்படி மதிக்கிறாள் பார்!" என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

அந்த வருஷம் இரண்டு சீமைக்காரர்களும் எல்லைக்கோடு போடுவது என்று முடிவு செய்தார்கள். காட்டுப் பக்கம் இருப்பது காட்டோடு, வயல் பக்கம் இருப்பது வயலோடு. கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பெண்டாட்டியைப் பார்க்க, பிள்ளையைப் பார்க்க என்று எந்தச் சாக்கும் செல்லாது.

எல்லாம் சரி, பொட்டல் எந்தச் சீமையில் சேர்த்தி? அதுவரைக்கும் சும்மா கொடுத்தால்கூட யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். காட்டுச்சீமை கேட்கிறது என்று தெரிந்ததும் வயல்சீமைக்கு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. வயல்சீமை கேட்கிறது என்று தெரிந்ததும் காட்டுச்சீமைக்குத் தூக்கம் போய்விட்டது.

கோடு போட நத்தையாரைக் கூப்பிட்டார்கள். ஏன் அவரை என்றால், வீட்டை முதுகிலேயே தூக்கிக்கொண்டு திரிகிறவருக்கு இந்த ஊர் அந்த ஊர் என்று பாசம் கிடையாது. அவர் நடந்துபோன தடம் வெள்ளி மாதிரி காய்ந்து நிற்கும். அதுதான் எல்லை. அழிக்கவும் முடியாது, அப்பீலும் கிடையாது.

மழை விட்ட ஒரு காலை நேரம். நத்தையார் பொட்டலுக்கு வந்துசேர்ந்தார். மேற்கே காட்டுச்சேவல் தன் கூட்டத்தோடு நின்றது. கிழக்கே வெள்ளைக் கொக்கு தன் கூட்டத்தோடு நின்றது. இவ்வளவு விருந்தாளிகளை ஒரே நேரத்தில் பார்த்த பேச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்ம ஆளுங்க! நம்ம ஆளுங்க வந்தாச்சு!"

"கேட்டீங்களா நத்தையாரே?" என்று சேவல் மார்பை நிமிர்த்தியது. "எங்களைப் பாத்துத்தான் சொல்லுது. பொட்டல் காட்டுச்சீமைதான். கண்ணோரத்துச் சிவப்பைப் பாருங்க. எங்க கொண்டைச் சிவப்பு அப்படியே வந்திருக்கு!"

"போதும் போதும்," என்றது கொக்கு. "அது சொன்னது எங்களைப் பாத்து. காலைப் பாருங்க நத்தையாரே, எவ்வளவு நீளம்! தண்ணியில நிக்கிற வம்சத்துக் கால். பொட்டல் வயல்சீமையேதான்!"

"போன மாசம்கூட என்னை ‘நம்ம ஆளு’ன்னா!"

"நேத்துக்கூட என்னைச் சொன்னா!"

இரண்டு கூட்டமும் பேச்சியைத் திரும்பிப் பார்த்தன. நத்தையார் கொம்புக்கண்ணை நீட்டி, "ஏம்மா, நீ யாரைத்தான் சொன்னே?" என்று கேட்டார்.

"எல்லாரையும்தான்," என்றாள் பேச்சி வெள்ளந்தியாக.

"எல்லாரையுமா!" என்று இரண்டு சீமையும் ஒரே குரலில் கத்தின. அவர்கள் ஒத்துப்போன விஷயம் அன்றைக்கு அது ஒன்றுதான்.

நத்தையார் யோசித்தார். அவர் யோசிப்பதும் நடப்பது போலத்தான், நேரமாகும். கடைசியில் சொன்னார்: "‘நம்ம’ன்னு சொன்னா கேக்கிறவனும் உள்ளே. ‘எங்க’ன்னு சொன்னா கேக்கிறவன் வெளியே. ரெண்டு பேரையும் உள்ளே வச்சுக்கிட்டு நான் எப்படிக் கோடு போடுறது? இந்த ரெண்டு பேர்ல ஒருத்தரைப் பாத்து ‘இது எங்க ஊரு’ன்னு சொல்லு. அவங்க வெளியாளு. பொட்டல் மத்தவங்களோடது. முடிஞ்சுபோச்சு."

பேச்சி சேவலைப் பார்த்தாள். போன கோடையில் கரையான் புற்று இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்தது அந்தச் சேவல்தான். கொக்கைப் பார்த்தாள். குட்டை வற்றினபோது ஏரிக்கரைக்கு வழி சொன்னது அந்தக் கொக்குதான். வாயைத் திறந்தாள். "இது எ... எ..." வாய் ஓயாத பேச்சிக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. பொட்டலில் ஒருவரும் ஒருநாளும் சொல்லாத சொல் அது. நாக்கு எப்படித் திரும்பும்?

"சொல்லலேன்னா நடுவுல கோடு," என்றார் நத்தையார். "பொட்டல்ல கட்டின வீடுன்னு இருக்கிறது உன் கூடு ஒண்ணுதான். அதைப் பாதியா வகுந்துட வேண்டியதுதான்."

பேச்சி கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டில் நான்கு முட்டை இருந்தது. இன்னும் மூன்று நாள்தான், குஞ்சு பொரித்துவிடும். காத்தான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

"பாதின்னா... எப்படி?"

"ரெண்டு முட்டை காட்டுக்கு, ரெண்டு முட்டை வயலுக்கு. நீ ஒரு பக்கம், உன் வீட்டுக்காரர் ஒரு பக்கம். நியாயமாத்தானே இருக்கு?"

நத்தையார் தலையை நீட்டி நகர ஆரம்பித்துவிட்டார். பின்னால் கோடு பளபளவென்று விழுந்தது. ஐயோ, நத்தை மெதுவாகப் போகும் என்று யார் சொன்னது? அன்றைக்குப் பேச்சியின் கண்ணுக்கு அவர் குதிரை மாதிரி தெரிந்தார்! ஓடிப்போய் முன்னால் நின்றாள். அவர் சுற்றிக்கொண்டு வந்தார். குட்டையில் தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டாள். "வேலை முடியட்டும் தாயி," என்றார். நல்ல கீரை இருக்கிறது என்றாள். ஒரு கொம்பு லேசாகத் திரும்பியது, அப்புறம் அதுவும் நேராகிவிட்டது. சேவலின் காலிலும் கொக்கின் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"நீ எங்களை மட்டும் நம்ம ஆளுன்னு சொல்லு, நாலு முட்டையும் நாங்க பாத்துக்கறோம்," என்றது சேவல்.

"அதையே எங்களைப் பாத்துச் சொல்லு," என்றது கொக்கு.

கோடு கூட்டுக்குப் பத்து அடி தூரத்துக்கு வந்துவிட்டது.

"ஏ புள்ள, ஏதாவது செய்யி!" காத்தான் வாயைத் திறந்து பேசியதே அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. "குஞ்சுங்க உள்ளே தட்டுதுடி. எனக்கு வயித்துல கேக்குது!"

 பேச்சி திரும்ப நத்தையாரிடம் ஓடினாள். "கூட்டுக்கு நடுவுலதான் கோடுன்னு எதை வச்சு சொல்றீங்க?"

"குச்சி காட்டுச்சீமைப் பொருள். வைக்கோல் வயல்சீமைப் பொருள். ரெண்டும் உன் கூட்டுல சரிபாதி இருக்கு. அதான் நடுவுல."

"ரெண்டும் இல்லேன்னா?"

நத்தையார் நின்றார். அதுவரைக்கும் அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. "ரெண்டும் இல்லேன்னா அது கூடே இல்லையே. எனக்கு அங்கே என்ன வேலை?" என்று சொல்லிவிட்டுத் திரும்ப நகர்ந்தார்.

அவ்வளவுதான்! பேச்சி பறந்துபோய்க் கூட்டின் ஒரு குச்சியைக் கவ்வி இழுத்தாள்.

"அடிப் பாவி, என்ன பண்றே?" காத்தான் பதறிப்போனான். "தரையில கிடந்தா வெயில்ல வெந்துடும். போறவன் வர்றவன் கண்ணுல எல்லாம் படும்!"

"நீங்க குட்டையில நெஞ்சை நனைச்சுட்டு வந்து உக்காருங்க, வேகாது. எழுந்திருங்க, நேரமில்லை!"

குச்சியை எல்லாம் உருவிச் சேவலின் காலடியில் போட்டாள். வைக்கோலை எல்லாம் உருவிக் கொக்கின் காலடியில் போட்டாள். உள்ளே போட்டிருந்த மெத்தைப் புல்லைக்கூட விடவில்லை. நான்கு முட்டையும் வெறும் கல்தரையில் கிடந்தன. சுற்றிலும் கூழாங்கல்லை உருட்டி வைத்தாள். பிறகு நடுவில் நின்று இரண்டு சீமையையும் பார்த்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது. வந்தாலும் சொன்னாள்.

"உங்க குச்சி உங்களுக்கு. உங்க வைக்கோல் உங்களுக்கு. இது எங்க இடம்!"

 சேவலின் கொண்டை சாய்ந்துவிட்டது. கொக்கு ஒற்றைக் காலைத் தூக்கியது, கீழே வைக்க மறந்துவிட்டது. அப்படி ஒரு வார்த்தையைப் பேச்சியின் வாயிலிருந்து கேட்போம் என்று இருவரும் கனவில்கூட நினைக்கவில்லை.

நத்தையார் வந்துசேர்ந்தார். வெயில் ஏறிவிட்டது. முட்டைகள் அந்தக் கல்லைப் பார்த்துப் பார்த்தே மண்நிறம் ஏறி, கறுப்புப் புள்ளி விழுந்து, கல்லோடு கல்லாகிவிட்டிருந்தன. நத்தையார் கொம்புக்கண்ணை இந்தப் பக்கம் நீட்டினார், அந்தப் பக்கம் நீட்டினார்.

"கூடு எங்க?" என்று கேட்டார்.

"எங்க கூடு!" என்றான் ஈர நெஞ்சோடு ஓடிவந்த காத்தான்.

"அதான், எங்க?"

"அதான் சொன்னேனே, எங்க!"

நத்தையாருக்குத் தலை சுற்றிவிட்டது. கல்லைத் தவிர எதுவும் தெரியவில்லை. குச்சியும் இல்லை, வைக்கோலும் இல்லை. கல்லைப் பங்கு போட அவருக்கு உத்தரவு கிடையாது. "ரெண்டு பேரையும் பாத்து ‘எங்க’ன்னுட்டா. அப்ப ரெண்டு பேரும் வெளியாளு," என்று முணுமுணுத்துக்கொண்டே வந்த வழியில் திரும்பினார். தொடங்கின இடத்திலிருந்து பொட்டலைச் சுற்றிக் கோட்டை வளைத்துக்கொண்டுபோய், அங்கேயே முடித்தார். சுற்றிவர எல்லை, உள்ளே பொட்டல். காட்டுச்சீமையும் இல்லை, வயல்சீமையும் இல்லை!

மூன்றாம் நாள் நான்கு குஞ்சும் பொரித்தன. நான்கும் ஒரே பக்கம். பேச்சி ஆடின ஆட்டம் இருக்கிறதே, அதைப் பார்க்கக் காத்தானுக்கு இரண்டு கண் போதவில்லை.

அன்று மாலையே ஒருவர் கோட்டைக் கவனிக்காமல் பொட்டலுக்குள் வந்தார். எந்தச் சீமைக்காரரோ, இருட்டுக்கட்டின நேரத்தில் தெரியவில்லை. பழக்கம் விடுமா? பேச்சி துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடினாள். "நம்ம..." என்று வாயைத் திறந்தாள். சட்டென்று நின்றுவிட்டாள். மேற்குக் கோட்டில் சேவல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. கிழக்குக் கோட்டில் கொக்கு கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு சீமைக்காரரை நம்ம ஆள் என்றால் மற்றச் சீமைக்காரர் நத்தையாரைத் திரும்பக் கூட்டிவந்துவிடுவார். சும்மா இருக்கவோ அவளால் முடியாது. முதல் சொல்லை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் கத்தினாள்.

"ஆளு! ஆளு! ஆளு வந்தாச்சு!"

அன்று முதல்தான் அவளை எல்லோரும் ஆள்காட்டி என்று கூப்பிடுகிறார்கள். அன்று முதல்தான் அந்தப் பறவை குச்சியும் வைக்காமல் வைக்கோலும் வைக்காமல் வெறுந்தரையில் கல்லோடு கல்லாக முட்டையிடுகிறது. நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் தலைக்குமேல் சுற்றிச் சுற்றி வந்து, ஆள் வந்த சேதியை ஊருக்கே சொல்லும். யாருடைய ஆள் என்று மட்டும் இன்றுவரை சொல்வதே இல்லை.