ஒரு கரண்டி உறைமோர்

குருவைவிடச் சீடன் ஏழு மாதம் மூத்தவன்.

இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆவுடையப்பன் பாதியில் படிப்பை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து ஒரு மடத்தில் சேர்ந்துவிட்டான். இசக்கிராஜா ஒழுங்காகப் படித்து, பட்டம் வாங்கி, அதே சென்னைக்கு வேலைக்கு வந்தான். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை ஆவுடை குரு, இசக்கி சீடன் என்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டு பேருமே விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

மடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஓட்டு வீடு. முன்னால் கூடம், பின்னால் அடுப்படி. பெரிய சாமி வடக்கே யாத்திரை போயிருந்தார். போகும்போது ஆவுடையைக் கூப்பிட்டு, "யார் வந்து என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடாதே. சாப்பிட்டீர்களா என்று முதலில் கேள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து தெருக்காரர்களுக்கு ஆவுடைதான் சின்ன சாமி.

இசக்கி தோளில் ஒரு பை, கையில் ஒரு பை என்று வந்து நின்றபோது, சின்ன சாமி அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். மொட்டைத் தலை. இடுப்பில் காவி வேட்டி. மேலே கல்லூரியில் விளையாட்டு விழாவுக்குக் கொடுத்த பழைய பனியன்.

"சாமி, கும்பிடுதேன்," என்றான் இசக்கி.

ஆவுடை திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே, இசக்கி! கும்பிட்டது போதும், அந்தச் சொம்பை எடு. மெட்ராசுக்கு எப்ப வந்தே?"

"மூணு மாசமாச்சு."

"மூணு மாசமா? எங்கன இருக்கே?"

"அசோக் நகர்ல."

"நடந்து வர்ற தூரம்லா! ஒரு எட்டு வந்து பாக்கணும்னு தோணலியோ?"

"சாமியாராப் போனவன்கிட்ட என்னத்தப் பேசன்னு இருந்துட்டேன்."

"இப்ப மட்டும் என்ன பேச வந்திருக்கே?"

"சொல்லிட்டுப் போக வந்தேன். ராத்திரி பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன். இனி இங்க வர மாட்டேன்."

ஆவுடை கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டான். இரண்டு பைகளையும் பார்த்தான்.

"வேலை?"

"வேண்டாம்னு மெயில் எழுதி வச்சிருக்கேன். பஸ்ல ஏறி உக்காந்ததும் அனுப்பிருவேன். முன்னாடியே அனுப்புனா, மன்னிச்சிருங்கன்னு நானே போன் பண்ணுனாலும் பண்ணிருவேன்."

"வீட்டுக்குத் தெரியுமா?"

"போய் நின்னாத்தான் தெரியும். எங்கப்பா, எம்மவன் மெட்ராஸ்ல ஆபீசருன்னு டீக்கடை டீக்கடையாச் சொல்லிக்கிட்டு அலையுதாரு."

அதைச் சொல்லும்போது இசக்கிக்குக் குரல் இறங்கிவிட்டது. அவன் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவன் அவன்தான்.

"சாப்பிட்டியா?" என்றான் ஆவுடை.

"நான் என்ன சொல்லுதேன், நீ என்ன கேக்கே?"

"பெரிய சாமி உத்தரவு. சாப்பிட்டியா?"

"இல்ல."

ஆவுடை இலையைப் போட்டுச் சாம்பார் சாதமும் கொஞ்சம் சுண்டலும் வைத்தான். தானும் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மூன்று மாதமாகப் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவன் இசக்கி. எதிரில் ஒரு முகம் இருந்ததும், வாய்க்கு ஒரு தரம் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

பாதிச் சாப்பாட்டில் கேட்டான்.

"ஏலே, நீதான் சாமியாச்சே. ஒண்ணு சொல்லு. ஒரு ஊரு எப்பலே நம்ம ஊரு ஆகும்?"

ஆவுடை இன்னொரு கரண்டி சாதம் வைத்தான்.

"எனக்குத் தெரியும். இது ஆகாது," என்று இசக்கியே பதிலும் சொல்லிக்கொண்டான். "ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்கூட மெசேஜ்லதான் பேசுதான். வீட்டுக்காரர் முகத்தை அட்வான்ஸ் குடுத்த அன்னைக்குப் பாத்ததுதான். சாப்பாடு கொண்டு வர்றவன்கிட்ட ஓடிபி சொல்லத்தான் நான் வாயைத் திறக்கேன். ஞாயித்துக்கிழமையில நாலு நம்பரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது."

"நாலு நம்பரையும் இழுத்து இழுத்துச் சொல்லு. செத்த நேரம் ஓடும்."

"சிரிக்காதலே."

"சிரிக்கல. மூணு மாசம் இருந்தவனுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?"

இசக்கி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு ஒரு வாரமாக வயிறு எரிந்தது. சரி, இந்த ஊரில் ஒழுங்காகக் குடித்தனம் பண்ணிப் பார்ப்போம் என்று இன்றைக்கு ஒரு மின் அடுப்பு வாங்கினான். பால் வாங்கினான். ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்து பாலைக் காய்ச்சினான். ஆறவும் வைத்தான். அதற்குள் பொழுது இறங்கிவிட்டது. உறை ஊற்றக் கொஞ்சம் மோர் வேண்டும். கீழே கடையில் தயிர் பாக்கெட் தொங்கத்தான் செய்தது. ஆனால் எதிர்வீட்டில் கேட்டால் என்ன என்று தோன்றியது. அந்த வீட்டுக் கதவு மூன்று மாதமாகத் திறக்கும், மூடும். ஒரு அம்மா இருக்கிறாள். பெயர் தெரியாது.

"கேக்கதுக்கு முன்னால ரூமுக்குள்ள நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன்லே. ஆன்ட்டின்னு கூப்பிடவா, அக்கான்னு கூப்பிடவா, அம்மான்னு கூப்பிடவான்னு ஒரே குழப்பம். கதவைத் திறந்ததும் ஒண்ணும் வரல. வணக்கம்னுட்டேன்."

"மோர் கேக்கப் போனவன் வணக்கம் சொன்னியா? கையில என்ன வச்சிருந்தே?"

"கிண்ணம்."

"நல்லவேளை. இல்லன்னா ஓட்டு கேக்க வந்திருக்கான்னு நெனைச்சிருப்பாங்க. பெறவு?"

"ஒரு கரண்டி உறைமோர் வேணும்னேன். அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. இப்ப தர்றதுக்கில்லன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அதோட விட்டாலும் பரவாயில்லையே! கையில இருந்த கிண்ணத்தையும் வாங்கி உள்ள வச்சுக்கிட்டாங்க. எங்கம்மா எம்பேரு வெட்டிக் குடுத்த கிண்ணம்லே அது. கதவையும் சாத்திட்டாங்க. ஒரு கரண்டி மோர் குடுக்காத ஊரு! நான் இதைவிடக் கம்மியா இந்த ஊர்கிட்ட வேற என்னத்தக் கேக்க முடியும், சொல்லு?"

கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டான்.

ஆவுடை இலையில் இன்னும் கொஞ்சம் சுண்டல் வைத்தான்.

"பாலை மூடிட்டு வந்தியா?"

"பாலு கெடக்கு போ! நான் ஊரை விட்டே போறேங்கேன்."

"மூடலியா? பல்லி விழுந்துரப் போவுது."

"மூடிட்டுத்தான் வந்தேன்."

"நல்லது. கையைக் கழுவிட்டு வா. உங்கம்மாவுக்குப் போன் போடு."

"எதுக்கு? நான் வர்றதைச் சொல்லவா?"

"அதை மட்டும் சொல்லாத. உங்க எதிர்வீட்டுக்கு ஒரு பையன் புதுசா வந்திருக்கான்னு வச்சுக்கோ. அவன் இந்நேரம் வந்து உறைமோர் கேட்டா உங்கம்மா குடுப்பாங்களான்னு கேளு."

"இது என்னலே கேள்வி? எங்கம்மா தெருவுக்கே ஊத்துவா."

"கேளேன்."

இசக்கி போனைப் போட்டு, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி தரையில் வைத்தான். முதல் மணி அடித்து முடிவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

"யய்யா! என்ன இந்நேரம்? உடம்புக்கு என்ன? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"நான் இன்னும் பேசவே இல்லம்மா."

"பேசாம இருந்தாலே தெரியாதா? மழையில நனைஞ்சியா?"

"இங்க மழையே இல்ல. ஆவுடைகூட இருக்கேன்."

"எந்த ஆவுடை? மொட்டை போட்டுக்கிட்டுப் போனானே, அவனா?" அம்மாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. "யய்யா, நீ எதுக்கு அவன்கூட இருக்கே? வயித்துல புளியைக் கரைக்காத. சாமி கும்பிட்டமா, வந்தமான்னு இருக்கணும். அங்கனயே உக்காந்துரக் கூடாது, கேட்டியா?"

ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"உக்கார மாட்டேம்மா. ஒண்ணு கேக்கணும். நம்ம எதிர்வீட்டுக்குப் புதுசா ஒரு பையன் குடி வந்திருக்கான்னு வச்சுக்கோ."

"எதிர்வீடு பூட்டித்தானே கெடக்கு?"

"வச்சுக்கோம்மா. அவன் இந்நேரம் உன்கிட்ட வந்து உறைமோர் கேட்டா குடுப்பியா?"

"இந்நேரத்துக்கா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வச்ச பெறவா?" என்றாள் அம்மா. "வீட்டு லெச்சுமியை எவளாவது தூக்கிக் கிண்ணத்துல ஊத்துவாளா? கேக்குதவன் கோட்டிக்காரப் பயலா இருப்பான் போல. குடுக்க மாட்டேன்."

இசக்கி ஆவுடையைப் பார்த்தான். ஆவுடை கூரையைப் பார்த்தான். ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் வளர்ந்தவன் இசக்கி. லீவுக்கு வந்த வீட்டிலும் அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

"அப்ப அவனை விரட்டி விட்டுருவியா?"

"எதுக்குய்யா விரட்டணும்? ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியும், பெத்தவ சொல்லிக் குடுக்கலன்னு நெனைச்சுக்கிடுவேன். கேட்ட புள்ளைய வெறுங் கிண்ணத்தோட அனுப்புனா எனக்குத் தூக்கம் வராது. கிண்ணத்தை வாங்கி வச்சுக்கிட்டு, காலையில வாய்யான்னு சொல்லுவேன். உங்கப்பா சாப்பிட உக்காரதுக்கு முன்னாடியே அவனுக்கு உள்ளதைத் தனியா எடுத்து மூடி வச்சிருவேன். இல்லன்னா அவரு சட்டியோட வழிச்சிருவாரு."

இசக்கி போனைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டான்.

"ஏன் கேக்கே? யய்யா, நீ எங்கயும் போயி வெள்ளிக்கிழமையும் அதுவுமா..."

"இல்லம்மா. பெறவு பேசுதேன்."

"அந்த மொட்டைகிட்ட இருந்து சீக்கிரம் கிளம்புய்யா. கழுத்துல கொட்டை கிட்டை போட்டுறப் போறான்."

இசக்கி போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கிண்ணத்தை வாங்கிக்கிட்டு அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டான் ஆவுடை.

"நான் காதுல வாங்கல. எனக்கு ஒரே அவமானமா இருந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

இசக்கி தரையைக் கையால் தேய்த்தான்.

"காலையில வாப்பான்னாங்க."

ஆவுடை எழுந்தான். இலையை எடுத்துப் போட்டான். சுவரோரம் இருந்த பையைக் கொண்டுவந்து இசக்கியின் தோளில் மாட்டிவிட்டான். இன்னொன்றைக் கையில் கொடுத்தான்.

"சரி, கிளம்பு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஏலே..."

"போற வழியில அந்தம்மா கதவை மட்டும் ஒரு தட்டுத் தட்டு. நான் வர மாட்டேன், மோர் எடுத்து வைக்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிரு. பாவம், உனக்குன்னு மூடி வச்சிருப்பாங்க. வீணாப் போயிரும்."

இசக்கி வாசலுக்கு வந்தான். ஒரு கால் செருப்பை மாட்டினான். இன்னொரு செருப்பைத் துழாவிக்கொண்டே நின்றான். எதிர் வரிசையில் ஒரு வீட்டு வாசலில் அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஆவுடை."

"என்னலே?"

"வெள்ளிக்கிழமை, விளக்கு வச்ச பெறவு, ஒரு வீட்டு வாசல்ல போயி நின்னு, வர மாட்டேன், வேண்டாம்னா சொல்லச் சொல்லுதே?"

குரு மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தான்.

"அது தப்புதான்," என்றான். "அப்ப காலையில போய்ச் சொல்லு."