லூர்துமேரி வளர்த்த படம்

திருச்சி பாலக்கரையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே வளவனின் பட்டறை இருந்தது. பட்டறை என்றால் சில கம்ப்யூட்டர்கள், ஒரு பெரிய திரை, ஓயாமல் கடகடக்கும் மின்விசிறி. அவ்வளவுதான். அங்கே கம்ப்யூட்டரை வைத்துப் படங்களை வளர்ப்பார்கள். வரைவது என்று வளவன் சொல்வதில்லை. வளர்ப்பது என்றுதான் சொல்வான்.

வளவன் இப்போதுதான் முப்பதைத் தாண்டியவன். அவனிடம் படிக்க வந்த லூர்துமேரிக்கு அவனைப் போல இரண்டு மடங்கு வயது. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வந்த அன்றே சொல்லிவிட்டார்.

“சார்னு கூப்பிட்டா எனக்கே சிரிப்பு வரும். தம்பின்னு கூப்பிட்டா பாடம் ஏறாது. குருவேன்னு கூப்பிடுறேன். சரியா?”

“உங்க இஷ்டம்மா,” என்றான் வளவன்.

லூர்துமேரிக்கு வரையவே வராது. கரும்பலகையில் அவர் தவளை போட்டால் கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளுக்குள் சுருங்கிப்போவார். இங்கே வரைய வேண்டிய வேலையே இல்லை. கம்ப்யூட்டர் திரை நிறையச் சின்னச் சின்னப் படங்களைக் காட்டும். பிடித்த இரண்டைத் தொட வேண்டும். அவைதான் அப்பா, அம்மா. அடுத்த திரையில் பிள்ளைகள் வரும். ஒன்றில் அம்மாவின் நிறம் இருக்கும், ஒன்றில் அப்பாவின் வளைவு. அபூர்வமாக ஏதோ ஒன்றில், இருவரிடமும் இல்லாத ஏதாவது முளைத்திருக்கும். அதிலிருந்து மறுபடி இரண்டைத் தொட வேண்டும். அப்படியே தலைமுறை தலைமுறையாகப் போகும்.

“இதைத்தானே ஆயுசு பூரா பாடமா நடத்தினேன்!” என்று லூர்துமேரி பூரித்துப்போனார்.

ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு படத்தை வளர்த்தார். கருநீலத்துக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய் எதுவோ எழும்பும். கொக்குக் கூட்டம் என்பார் ஒருவர். அலையின் நுரை என்பார் இன்னொருவர். ஊரில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு அதை அனுப்பினார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரிலேயே மாட்டிவிட்டார்கள்.

கண்காட்சி தொடங்கிய அன்று மத்தியானம் லூர்துமேரி பட்டறைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“குருவே, படத்துக்குக் கீழே இருந்த என் பேரை எடுக்கச் சொல்லிட்டேன்.”

“ஏம்மா?”

“என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி, பொற்கொடின்னு பேரு, இப்ப நல்லாப் படம் வரையிறா. ‘மேடம், நீங்களா போட்டீங்க!’ன்னு என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எனக்கு உடம்பே கூசிப்போச்சு. போட்டது கம்ப்யூட்டர். நான் சும்மா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்?”

“கண்காட்சிக்காரங்க என்ன சொன்னாங்க?”

“பேர் இல்லாத படத்தை மாட்ட மாட்டாங்களாம். ராத்திரி கழட்டிடுவோம்னாங்க. கழட்டட்டும்.”

வளவன் தன் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினான்.

“சரிம்மா. அப்ப கம்ப்யூட்டரே போடட்டும்.”

பெரிய திரையில் அந்தக் கருநீலப் படத்தைக் கொண்டுவந்தான். அதோடு இன்னொரு படத்தையும் சேர்த்ததும் பிள்ளைகள் பிறந்தன. அதில் எந்த இரண்டை எடுப்பது என்பதையும் கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்டான், குலுக்கல் போட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று. பிறகு கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தான்.

லூர்துமேரி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். முதலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளை மங்கியது. வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நடுவில் ஒரு படம் அழகாக வந்தது. குலுக்கலில் அது விழவில்லை, போய்விட்டது.

“அடடா, அது நல்லா இருந்துச்சே!”

வளவன் டீயை ஊதிக் குடித்தான்.

நீலம் சாம்பலாயிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்கப் பாத்திரம் கழுவிய தண்ணீர் போலக் கலங்கிவிட்டது.

“நிறுத்துங்க குருவே! என்ன பண்றீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலையேம்மா. சும்மா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

லூர்துமேரி டம்ளரை டக்கென்று கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குலுக்கலை அவரே நிறுத்தினார். அந்தக் கலங்கலுக்குள் தேடினார். ஒரு மூலையில் ஒரே ஒரு படத்தில் மட்டும் நூலிழை போல நீலம் மிச்சம் இருந்தது. அதையும் பக்கத்திலிருந்த இன்னொன்றையும் தொட்டார்.

“நீ வேணாம். நீயும் வேணாம். ஏய், நீ நில்லு,” என்று திரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். டீ ஆறி ஆடை படிந்தது. வளவன் விளக்கைப் போட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

திடீரென்று எழுந்து நின்றார்.

திரையில் ஒரு மஞ்சள் வந்திருந்தது. சாமந்தியும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. பெற்ற இரண்டு படத்திலும் அப்படியொரு நிறம் கிடையாது. இருட்டுக்குள்ளிருந்து அது மெல்லக் கசிந்தது.

“யப்பா! இந்த மஞ்சளைப் பாருங்க குருவே. சத்தியமா நான் இப்படி நினைச்சே பார்க்கல.”

வளவன் பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தான்.

“எத்தனையோ வருஷமா இதை ஓட்டுறேன்மா. எனக்கு இப்படி ஒண்ணு வந்ததே இல்ல.”

“இது உங்க கம்ப்யூட்டரோட மஞ்சள்.”

“ஆமாம்மா, அதோடதுதான். அதை நினைச்சா எனக்கும் பெருமையாத்தான் இருக்கு.”

“அப்ப என்னோடதுன்னு இதுல என்ன இருக்கு? ஒரு கோடுகூட நான் போடலையே!”

“எத்தனை படத்தை வேணாம்னு சொன்னீங்க?”

“அதுக்கு ஏது கணக்கு?”

“அத்தனையும் கோடுதான்மா.”

லூர்துமேரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“படத்தைக் கழட்டாதீங்க,” என்றார் கண்காட்சிக்காரர்களிடம். “லூர்துமேரின்னு எழுதுங்க. கொஞ்சம் பெரிய எழுத்தாவே எழுதுங்க.”