கோழிக்கூட்டுக்கு ஒரு சுருக்குமடி

முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. எங்கள் கரையில் விசைப்படகு வைத்திருக்கும் தொம்மை முதலாளி, தடைசெய்த சுருக்குமடி வலையை எங்கள் கட்டுமரத்தருகே கொண்டுவந்து குவித்தார்.

"மீன்வளத்துறை அதிகாரி வர்றார். வலை உன்னோடதுன்னு சொல்லு. இல்லேன்னா உன் கட்டுமரத்தைக் கொளுத்திருவேன்."

சொன்னால் அதிகாரி கட்டுமரத்தைப் பறிமுதல் செய்வார்.

அதிகாரி வந்தார். "யாரோட வலைம்மா?"

"என்னோடதுதான் ஐயா. முதலாளிக்கே தெரியும்."

முதலாளி பெரிதாகத் தலையாட்டினார்.

"நாப்பது பேர் இழுக்கிற மடி. ரெண்டு பேர் போற கட்டுமரத்துல எப்படி ஏத்துவ?"

"கடலுக்கு இல்லீங்க. கோழிக்கூட்டைச் சுத்திக் கட்டப்போறேன்" என்று மீன் அரியும் கத்தியை எடுத்து வலையை அறுக்க ஆரம்பித்தேன். இரண்டு முழம் அறுப்பதற்குள் முதலாளி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"அடியே, விடு. கொச்சியிலேருந்து நான் இறக்கின வலை."

"நீங்க இறக்கினதா?" என்று அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "அப்போ உங்க படகைக் காட்டுங்க."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் அன்று பொழுது சாய்வதற்குள், நானும் என் வீட்டுக்காரரும் கட்டுமரத்தை இழுத்துப்போய் மாதா கோவில் வாசலில் போட்டுவிட்டோம். அங்கே தீ வைக்க முதலாளிக்கும் பயம்தான்.