திருஷ்டி பொம்மை விட்டுவிட்ட பார்வை

திருப்பூருக்கு வெளியே, புதுப்பணக்காரர்கள் குடியேறிய ஒரு நகரில், பனியன் கம்பெனி பொன்னுரங்கம் முன்னொரு காலத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு நீச்சல் குளமும் கட்டினார். அந்த வீட்டில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவும் இல்லை.

தண்ணீர் நிரப்பிய அன்றைக்கே அவர் மனைவி கலாமணி ஒரு திருஷ்டி பொம்மையை வாங்கி வந்து, பக்கத்து வீட்டைப் பார்க்கும்படி மதில்மேல் பொருத்தினாள். முழித்த கண், முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. பொறாமையோடு வருகிற பார்வை குளத்தில் விழாமல் தன்மேல் வாங்கிக்கொள்வது அதன் வேலை.

பொம்மைக்கு வேலை பிடித்துத்தான் இருந்தது. குளத்தைத்தான் பிடிக்கவில்லை. அது பொம்மையின் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் கண்ணாடியில் மட்டும் நீலமாக ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டைப் பார்த்தாலே பொம்மைக்கு வயிறு எரியும். வருகிற விருந்தாளியெல்லாம் குளத்தோரம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். “அந்தப் பொம்மை விழாம எடுங்க” என்று மறக்காமல் சொன்னார்கள்.

“உனக்கென்ன ராசா!” என்றது பொம்மை, திரும்ப முடியாமலே. “தெனமும் ஆள் வந்து வலை போட்டு இலை எடுக்கறான். மருந்து போடறாங்க, மோட்டார் ஓட்டறாங்க. வெயில் காலத்துல குடிக்கத் தண்ணி இருக்குதோ இல்லையோ, உனக்கு லாரி வந்து நிக்குது. எனக்கு, வாங்குன அன்னிக்கு அடிச்ச பெயிண்டுதான்.”

“அந்த மருந்து எனக்கு எரியுது” என்றது குளம். “இதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள எறங்கல. ஒரு புள்ளையாச்சும் காலை நனைச்சாப் போதும்னு இருக்குது.”

“வசதியா இருக்கறவங்க எல்லாரும் இப்படித்தான் அலுத்துக்குவாங்க” என்று பொம்மை வாயை மூடிக்கொண்டது. மூட முடியாத வாய்தான். பேச்சை நிறுத்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமாவாசை வந்தது. கலாமணி குளத்துக்குப் பூசணிக்காய் சுற்றி, கரையிலேயே ஓங்கி உடைத்தாள். குங்குமமும் விதையும் சதையும் தண்ணீரில் விழுந்து, ஃபில்டர் அடைத்துக்கொண்டது. மறுநாள் குளம் கலங்கிப்போய் நாறியது. “எந்தப் பாவி கண்ணு பட்டுதோ!” என்று புலம்பியவள், அடுத்த அமாவாசைக்கு இன்னும் பெரிய பூசணிக்காய்க்குச் சொல்லிவைத்தாள்.

இதுவும் பொம்மைக்குப் பொறுக்கவில்லை. ‘அதுக்குப் பூசணிக்காய். எனக்கு ஒரு எலுமிச்சம்பழம் உண்டா?’

ஆட்கள் வந்து தண்ணீரை மாற்றி மறுபடி நீலமாக்கிய அன்று, பக்கத்து வீட்டு மயில்சாமி மாடி ஜன்னலைத் திறந்தார். குளத்தையே பார்த்தார். நீண்ட பார்வை. மற்ற நாளாக இருந்தால் பொம்மை அதைப் பாய்ந்து பிடித்திருக்கும். அன்றைக்குப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டது. பட்டு ஒழியட்டும் என்று மனதார நினைத்தது.

அடுத்த வாரமே மயில்சாமி தோட்டத்தில் பொக்லைன் இறங்கியது. கோடைக்குள் அங்கே ஒரு குளம் வந்துவிட்டது. இதைவிட நீளம், செயற்கை அருவி வேறு. விருந்தாளிகள் அந்தப் பக்கம் போனார்கள். பொன்னுரங்கம் தினமும் காலையில் மொட்டை மாடியில் நின்று அதையே பார்த்தார். கையில் காபி ஆறிப்போகும்.

“ஏனுங்க, நம்ம குளத்தையும் பெருசு பண்ணீரலாமுங்களா?” என்றாள் கலாமணி.

“அவன் அதுக்கும் மேல பண்ணுவான்.”

“இப்படியே உட்டா மருந்து, கரண்டு, லாரித் தண்ணின்னு கொட்டிட்டே இருக்கோணுமே?”

“பாக்கறதுக்கு ஆளில்லாத குளம் என்னத்துக்கு? மூடிப்போடலாம் உடு.”

குளம் நடுங்கியது. “மூடறதுன்னா மூடட்டும். அதுக்கு முன்னால யாராச்சும் ஒரே ஒரு வாட்டி எறங்கச் சொல்லேன்” என்று பொம்மையைக் கெஞ்சியது. யாரும் இறங்கவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டு மண்ணைக் கொட்டி மூடினார்கள். ஜன்னல் கண்ணாடியில் நீலம் மறைந்தபோது பொம்மைக்கு உள்ளம் குளிர்ந்தது.

“குளமே இல்ல, இனிப் பொம்மை எதுக்குங்க?” என்றாள் கலாமணி. ஆள் வந்து அதைப் பெயர்த்து, புது மண்ணின்மேல் வீசிவிட்டுப் போனான். மல்லாந்து கிடந்த பொம்மைக்கு மயில்சாமி வீட்டு மதில் தெரிந்தது. அதன்மேல் பெயிண்டு வாசம்கூடப் போகாத ஒரு புதுப் பொம்மை இந்தப் பக்கம் பார்த்து நின்றது.

“நீ எதுக்கப்பா வந்தே?”

“இங்க குளத்து மேல கண்ணு படுதாம்.”

“யாரு கண்ணு?”

புதுப் பொம்மை மொட்டை மாடியில் ஆறின காபியோடு நின்றவரைப் பார்த்தது. மண்ணில் கிடந்த இதையும் பார்த்தது.

“உங்க வீட்டுக் கண்ணுதான்.”