மூழ்கினதுதான் நல்ல விதை

மொட்டைக்கரட்டூர்க்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதனாலேயே அந்த வட்டாரத்தில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை. விவரம் தெரியாமல் சொல்ல வந்தவள் தேன்மலர்.

அவள் மரம் வளர்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவள். காட்டுக்குக் கேடு வராமல் காட்டு மர விதைகளைச் சேகரிப்பது எப்படி என்று ஊர்மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சாக்கு குமிழ மர விதை சேர்ந்துவிட்டால், ஊருக்குப் பின்னால் இருக்கிற மொட்டைக் கரட்டில் மரம் நடுகிற வேலை முழுவதும் அந்த ஊருக்கே. வருஷம் பூராவும் கூலி. சேராவிட்டால் வேலை பக்கத்து ஊருக்குப் போய்விடும். தேன்மலரின் வேலையும் அதன் பின்னாலேயே போய்விடும் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

பயிற்சிக்கு ஊரே வந்தது. ‘வருக வருக’ என்று பேனர் கட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், டீ கொடுத்தார்கள். மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் தேன்மலர் பாடம் நடத்தினாள்.

“மரத்தோட சொந்தக்காரர்கிட்ட சம்மதம் வாங்காம பறிக்கக் கூடாது. பாதியைப் பறவைக்கும் அணிலுக்கும் விட்டுடணும். பறிச்ச விதையைத் தண்ணில போட்டுப் பாருங்க. மிதந்தா உள்ளே ஒண்ணுமில்லாத பொக்கு, ஒதுக்கிடுங்க. மூழ்கினா நல்ல விதை.”

எல்லாரும் தலையாட்டினார்கள். தேன்மலர் நிம்மதியாக பஸ் ஏறினாள்.

கரட்டடியில் பெரிய குமிழ மரம் ஒன்று பழம் பழுத்து நின்றது. ஊர்ப் பெரியவர் மொக்கையன் தலைமையில் எல்லாரும் அதன் கீழே கூடினார்கள்.

“இதுக்குச் சொந்தக்காரர் யாரு மாமா?” என்று கேட்டான் ஒச்சப்பன். ஊரில் எதற்கும் நியாயம் பேசுகிறவன் அவன்.

“யாருமில்ல. தானா முளைச்சது.”

“அப்ப அது அதுக்கே சொந்தம். அதுகிட்டயே கேட்டுடுங்க.”

மொக்கையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்திடம் கேட்டார். காற்று வீசியது. கிளை மேலும் கீழும் ஆடியது.

“சரின்னுடுச்சு!” என்று குதித்தான் வெயிலாண்டி.

உடனே கிளை பக்கவாட்டிலும் ஆடியது.

“வேணாங்குதே!”

“காத்து பிடிச்சுத் தள்ளி ஆடுறதெல்லாம் ஒரு சம்மதமா?” என்றான் ஒச்சப்பன். “ஆளை மிரட்டி கையெழுத்து வாங்கின மாதிரி. காத்து நிக்கட்டும்.”

காற்று நின்றதும் மறுபடி கேட்டார்கள். மரம் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் எதிர்ப்புத் தெரிவிக்காததால் ஏகமனதாக ஒப்புக்கொள்ளப்பட்டது என்று மொக்கையன் அறிவித்தார். அங்கே ஊர்க்கூட்டத்திலும் அப்படித்தான்.

அடுத்து பறவையின் பாதி. மரத்தின் நடுவில் கயிறு கட்டி, கிழக்குப் பக்கம் பறவைக்கு, மேற்குப் பக்கம் ஊருக்கு என்று பிரித்தார்கள். ஒரு மைனா வந்து மேற்கில் உட்கார்ந்தது. ஊரே சேர்ந்து அதைத் திட்டியது.

“அதுக்கு என்ன தெரியும்? அது பயிற்சிக்கு வரலையே!” என்றாள் வெயிலாண்டியின் மனைவி சின்னப்பேச்சி.

நியாயம்தான் என்று பேனரைக் கொண்டுவந்து கிழக்குக் கிளையில் கட்டினார்கள். அது படபடவென்று அடித்ததில் அந்தப் பக்கம் இருந்த பறவைகளும் அலறிக்கொண்டு மேற்கே வந்துவிட்டன. “வருகன்னுதானே போட்டிருக்கு, எந்தப் பக்கம்னு போடலையே” என்று ஒச்சப்பன் அவற்றுக்காக வாதாடினான்.

எப்படியோ பழம் பறித்து, சதை நீக்கி, ஒரு சாக்கு விதை சேர்த்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தேன்மலர் வந்தாள்.

“எல்லாமே நல்ல விதைம்மா. ஒண்ணுகூட மிதக்கலை,” என்றார் மொக்கையன் பெருமையாக.

“அப்படியா! எங்கே இருக்கு?”

“கிணத்துல.”

தேன்மலர் ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். “சாக்கோடயா போட்டீங்க?”

“ஆமாம்மா. சாக்கு மிதந்து ஊர் மானம் போயிடக் கூடாதேன்னு உள்ளே ஒரு அம்மிக்கல்லையும் வச்சோம்.”

அவள் கிணற்று மேட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். மேலாளரின் சிரிப்பு கண்முன் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

“அழாதே பாப்பா, நான் எடுத்தாரேன்” என்று வெயிலாண்டி கிணற்றில் குதித்தான். குதித்த பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. நேராக உள்ளே போனான்.

“ஒண்ணுக்கும் ஆகாத மனுசா!” என்று கத்திக்கொண்டே சின்னப்பேச்சி சேலையை வரிந்து கட்டிக் குதித்தாள். முதலில் புருஷனை முடியைப் பிடித்து இழுத்து வந்தாள். மறுபடி போய், கல்லை உருட்டிவிட்டுச் சாக்கை இழுத்து வந்தாள்.

விதைகள் நன்றாக ஊறியிருந்தன, கெடவில்லை. ஆனால் ஊறின விதையை வைத்திருக்க முடியாது. தேன்மலர் மேலாளருக்கு போன் போட்டாள். “அங்கேயே பாத்தி போட்டு விதைச்சிடு. சாயங்காலத்துக்குள்ள போட்டோ வந்தா வேலை அந்த ஊருக்கு. வரலைன்னா நீயே யோசிச்சுக்கோ” என்றார் அவர்.

“இருக்கறதிலேயே பெரிய விதையை முதல்ல போடுங்க,” என்று தேன்மலர் சொல்லிக் கொடுத்தாள். “விதை எவ்வளவு பெரிசோ, அதைப்போல ரெண்டு பங்கு ஆழம். மேலே மண்ணு மூடி, தண்ணி தெளிக்கணும்.” சொல்லிவிட்டு எரு வாங்கி வர ஓடினாள்.

திரும்பி வந்தபோது சாக்கு பிரிக்காமலே கிடந்தது. மார்பளவு குழிக்குள் நின்று ஒச்சப்பன் தோண்டிக்கொண்டிருந்தான். மேலே தலை சீவி, திருநீறு பூசி வெயிலாண்டி நின்றான். அவன் உயரத்தை மொக்கையன் கயிறு போட்டு அளந்துகொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“நீ சொன்னதுதான்மா. சின்னப்பேச்சி மிதந்தாளா, பொக்குன்னு ஒதுக்கிட்டோம். இவன் எப்படி மூழ்கினான் பாத்தீல்ல? இதைவிடப் பெரிய நல்ல விதைக்கு எங்கே போறது?”

“ரெண்டு ஆள் ஆழம் தோண்டணும். இடுப்பு விட்டுப்போச்சு!” என்றான் ஒச்சப்பன்.

“அய்யோ, வெயிலாண்டி அண்ணே! தள்ளி வாங்க!”

வெயிலாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். “சும்மா இரு பாப்பா. ஒண்ணுக்கும் ஆகாதவன்னு கேட்டுக் கேட்டுப் புளிச்ச காது இது. இன்னைக்குத்தான் ஊரே நல்ல விதைன்னு ஒத்துக்கிட்டிருக்கு. கெடுத்துடாதே.”

அந்த நேரம் சின்னப்பேச்சி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். “பாதி ஆளை மட்டும் புதைங்கப்பா. மீதி பறவைக்கும் அணிலுக்கும்னு சொன்னாங்கல்ல?”

பாடம் பாடம்தான் என்று மொக்கையன் கயிற்றைச் சுருட்டினார். வெயிலாண்டியை இடுப்புவரை புதைத்தார்கள். கையில் கொஞ்சம் பொரிகடலையும் கொடுத்தார்கள், அணில் வந்தால் போட. அவனைச் சுற்றிப் பாத்தி போட்டு, பொழுது சாய்வதற்குள் சாக்கு விதையையும் விதைத்து முடித்தார்கள். பெரிய விதையைப் பிடுங்கினால் மற்றதைப் போட மாட்டோம் என்று அவர்கள் உறுதியாக நின்றதால், தேன்மலர் அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. அவள் சத்தமாகப் படித்தாள்: “அருமை. வேலை அந்த ஊருக்கே. நடுவில் நிற்பது என்ன மரம்?”

எல்லாரும் வெயிலாண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

“இன்னும் இலை விடலை,” என்றான் ஒச்சப்பன். “விட்டதும் சொல்றோம்னு போடும்மா.”