தென்மூலையில் கால் புதைகிறது

நண்டும் பெருச்சாளியுமாகச் சேர்ந்து ஓர் ஏரியையே காலி பண்ணிய கதை உங்களுக்குத் தெரியுமா?

கோரையேரி என்று ஓர் ஏரி. அதன் கரைக்கு வெளியே, அடிவாரத்தை ஒட்டி ஒரு மைதானம். மாதம் ஒரு தடவை அங்கே கால்பந்து நடக்கும். முற்றிக் காய்ந்த சுரைக்காய்தான் பந்து. ஏரிக்காரர்கள் கரைச் சரிவில் உட்கார்ந்து கத்துவார்கள். எதிர்ப்பக்கம் கரடு என்கிற பாறைக்குன்று; கரட்டுக்காரர்கள் அதன் பாறைமேல் நின்று கத்துவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஆகவே ஆகாது.

ஏரிக்கூட்டத்தில் பூவாயி என்றொரு தாழைக்கோழி இருந்தாள். அவள் கூடு தென்மூலையில், கரையின் உட்பக்கம், கோரைப்புல் நடுவில். அதில் ஆறு முட்டை. இன்னும் ஒரு வாரத்தில் பொரித்துவிடும். ஆனாலும் ஆட்டம் என்று காதில் விழுந்தால் போதும், முட்டைகளைப் புல்லால் மூடிவிட்டு ஓடி வந்துவிடுவாள். அப்படியொரு பைத்தியம்!

ஏரி அணிக்கு உயிர்நாடி செவலை என்கிற முயல். அவன் காலில் பந்து சிக்கினால் கோல்தான். அந்தச் செவலை, தை பிறந்ததும் கரட்டு அணியில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஏரியே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரிச்சான் குருவி பறந்து வந்தது. கரிச்சான் கேட்டதைக் கேட்டபடி சொல்லும். கூட்டாது, குறைக்காது.

"செவலை பேசிட்டான்! கரட்டுல எல்லாரும் கேக்கச் சொல்லிட்டான்!"

"என்ன சொன்னான்?" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"'ஏரி மைதானத்துல தென்மூலையில கால் புதையுது. மழை நின்னு மாசமாச்சு, ஈரம் காயவே இல்ல. அங்க ஓடவே பயமா இருக்கு. கரட்டுல தரை கெட்டியா இருக்கு, அதான் வந்துட்டேன்' அப்படின்னான்."

அவ்வளவுதான்! கரை ரெண்டுபட்டது.

"நம்ம மண்ணையா பழிச்சான்?" என்று குதித்தது பெருச்சாளி. அதன் பெயர் மொக்கையன். ஏரிக்கூட்டத்தில் அதன் குரல்தான் பெரிசு. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"அவனுக்கா ஆடத் தெரியாது? போன மாசம் நாலு கோல் போட்டப்ப உன் வால் தரையில நிக்கலையே!" என்றது ஒரு தவளை.

"அது அப்ப! இப்ப அவன் கரட்டுக்காரன்!"

"பாவம், புது இடத்துல நல்ல பேர் வாங்கணும்ல? ஏதோ ரெண்டு வார்த்தை சொல்லிட்டான், விடுங்கப்பா" என்றது அதே தவளை.

"மூணு வருஷம் நம்ம புல்லைத் தின்ன வாய்!" என்று கொடுக்கை ஆட்டியது நண்டு.

காலையில் தொடங்கிய பேச்சு பொழுது சாயும்வரை ஓடியது. அவன் துரோகியா, இல்லையா? மனதறிந்து சொன்னானா, வாய் தவறிச் சொன்னானா? எல்லாம் பேசினார்கள். தென்மூலை அங்கிருந்து இருநூறு அடி. ஒருவராவது போய்ப் பார்க்கவில்லை.

பூவாயி மட்டும் பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று போகவில்லை, வீட்டுக்குப் போகிற வழி அது. கரையின் வெளிச்சரிவில், நண்டு வளை ஒன்றிலிருந்து கோரைத்தண்டு கனத்துக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று ஏரியில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பூவாயி குனிந்து பார்த்தாள். தண்ணீர் கலங்கலாக, செம்மண் நிறத்தில் வந்தது.

கூட்டுக்கு ஓடி முட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

மறுநாள் கூட்டத்தில் மெல்ல வாயைத் திறந்தாள். "மொக்கையண்ணே, செவலை சொன்னதுல ஏதோ இருக்கு போல. தென்மூலையில..."

"ஓகோ!" என்று திரும்பியது மொக்கையன். "நீயும் கரட்டுக்கு மூட்டை கட்டியாச்சா? போ தாயி, போ! அங்க பாறையில முட்டை போடு, வெயில்ல தானா வெந்துடும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பூவாயிக்கு அவமானமாகிவிட்டது. "சேச்சே! நானா? செவலை ஒழிக!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். கத்திவிட்டுக் கூட்டுக்குத் திரும்பினாள். அன்றைக்கு முட்டைகளின்மேல் உட்கார்ந்தபோது கூட்டின் அடிப்பக்கம் எப்போதையும்விடச் சில்லென்று இருந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மொக்கையன் ஒரு யோசனை சொன்னது.

"தென்மூலையில கால் புதையுதுன்னான்ல? புதைய வைப்போம்! அவன் வழக்கமா ஓடி வர்ற தடத்துல, கரையடியை ஒட்டிக் குழி பறிப்போம். மேல புல்லைப் போட்டு மூடிடுவோம். கால் மாட்டட்டும்!"

"அப்படிப் போடு!" என்றது நண்டு.

இரண்டு நாளும் நண்டுகளும் பெருச்சாளிகளும் சோறு தண்ணீர் இல்லாமல் தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது. "நல்லதாப் போச்சு, வழுக்கும்!" என்றார்கள். பூவாயி எல்லாவற்றையும் கோரைக்குள் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போக அவளால் முடியாது. பேசத்தான் முடிந்திருக்கும்.

ஆட்ட நாள் வந்தது. காலையிலேயே ஒரு முட்டைக்குள்ளிருந்து டொக் டொக் என்று கொத்துகிற சத்தம். பூவாயிக்குப் போக மனசே இல்லை. ஆனால் போகாவிட்டால் மறுபடி கரட்டுக்காரி என்பார்களே! புல்லை இழுத்து மூடினாள். "இதோ வந்துடறேன் கண்ணுங்களா" என்று சொல்லிவிட்டுக் கரையேறினாள்.

செவலை மைதானத்துக்குள் வந்ததும் ஏரிக்கரையே ஊளையிட்டது. "துரோகி! துரோகி!" பூவாயியும் ஊளையிட்டாள்.

பந்து தென்மூலைக்கு உருண்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். செவலை பாய்ந்து வந்தான். குழிக்குப் பத்தடி முன்னால் சட்டென்று நின்றுவிட்டான். அவன் காதுகள் விறைத்தன. மண்ணுக்குள்ளே தண்ணீர் அரிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டது.

"இறங்குங்க! கரை போகப்போகுது! எல்லாரும் இறங்கி ஓடுங்க!"

"பாரு, பயந்துட்டான்!" என்று மொக்கையன் துள்ளியது. "ஊளை போடுங்கடா!"

ஊளை வானத்தைத் தொட்டது. அதற்குள்ளேயே குழிக்கு மேலே சரிவு ஒரு கை அளவு சரிந்தது. அப்புறம் ஒரு வண்டி அளவு. அப்புறம் தென்மூலையே வாயைப் பிளந்துகொண்டது.

ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள். பூவாயி மட்டும் எதிர்ப்பக்கம், கூட்டை நோக்கிப் பறந்தாள். கோரைப்புல்லெல்லாம் வேரோடு உடைப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவே அவள் கூடு ஒரு சுற்று சுற்றியது. மேலே மூடிய புல் விலகியது. வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் ஏரி வடிந்துவிட்டது. சேற்றில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. ஆடி வரைக்கும் குடிக்க வேண்டிய தண்ணீர் மைதானத்தைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

மூன்றாம் நாள், வெடிக்கத் தொடங்கிய சேற்றின் ஓரத்தில் பூவாயி உட்கார்ந்திருந்தாள். செவலை வந்து கொஞ்சம் தள்ளி நின்றான்.

"எங்ககூட இருந்தப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே?" என்று கேட்டாள்.

"சொன்னேன் தங்கச்சி. மூணு தடவை. ஓட உடம்பு வணங்காதவனுக்கு ஈரம் ஒரு சாக்குன்னு மொக்கையன் சொல்லிச்சு. எல்லாரும் சிரிச்சீங்க." அவன் தரையைப் பார்த்தான். "நீயும்தான் சிரிச்சே."

பூவாயிக்கு நினைவு வந்தது. அவள் சிரித்திருந்தாள்.

உடைந்த கரைமேல் மிச்சக் கூட்டம் உட்கார்ந்து பேசுவது இங்கே வரைக்கும் கேட்டது. "அவன் கருநாக்கு! சொன்னான், உடைஞ்சிடுச்சு!" என்றது நண்டு. "அக்கறை இருந்தா இன்னும் உரக்கச் சொல்லியிருக்க மாட்டானா?" என்றது மொக்கையன். தவளை மறுத்தது. பேச்சு மறுபடி சூடு பிடித்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழேயே கரை இன்னொரு விரிசல் விட்டிருந்தது.

செவலை கிளம்பத் திரும்பினான். பூவாயி எழுந்து அவன் பின்னால் நாலு எட்டு ஓடினாள்.

"அண்ணே, உங்க கரட்டுப் பிள்ளைகளுக்காவது சொல்லி வைங்க: ஒருத்தர் ஒண்ணு சொன்னா, அவர் எந்தப் பக்கம் நின்னு சொல்றார்னு அடிச்சுக்காதீங்க, சொன்னது நெசமான்னு முதல்ல எழுந்து போய்ப் பாருங்கன்னு!"