அப்பளக் கனத்து இடம்

தெய்வசிகாமணி வீங்கிய நாக்கோடு பட்டறைக்குள் வந்தார். வயது ஐம்பத்து மூன்று. நூல் வியாபாரத்தை மைத்துனன் தலையில் கட்டிவிட்டு, கார் வேலை கற்றுக்கொள்ள வந்து இது மூன்றாவது வருடம். அவருடைய குரு பூங்கோதைக்கு முப்பத்தாறுதான். ஆனால் கோயமுத்தூரில் பந்தயக் கார் வைத்திருப்பவர்கள் பாதிப் பேருக்கு அவர்தான் மாஸ்டர்.

"ஏனுங்ணா, வாயில என்னாச்சு?"

"ஸ்பீடு பிரேக்கருங்க மாஸ்டர்."

மாஸ்டர் வெளியே எட்டிப் பார்த்தார். சிகாமணியின் சிவப்பு ரெண்டு சீட்டர், அறுபதுகளில் பிறந்த வண்டி, தரையோடு தரையாகக் கிடந்தது. பார்வைக்கு என்னவோ ராஜாதான். நாலு ஸ்பிரிங்கிலும் ரெண்டு ரெண்டு சுற்றை ஒரே மூச்சில் அறுத்துத் தள்ளியிருந்தார் மனுசன். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே, ஸ்பிரிங் அளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்க அடியில் இருக்கிற ரப்பர் கட்டை டொம்மென்று இடித்தது. நாக்கு பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

"எங்கூடப் பந்தயத்துல ஓட்டற அந்த செல்வின், ஆட்டம் வரக்கூடாதுன்னு வண்டிய மூணு இஞ்ச் இறக்கியிருக்கானுங்க. போன வருசம் மலைப் பந்தயத்துல, மூணாவது வளைவுல என் வண்டி தொட்டிலாட்டம் ஆடுச்சு. நான் கடைசி. இந்த வருசமும் கடைசின்னா வண்டிய வித்துடறேன்னு எம் பொண்டாட்டி மரகதத்துகிட்ட சத்தியம் பண்ணிட்டனுங்க."

"வேற ஸ்பிரிங் இருக்குங்களா?"

"ஒரே ஒரு செட்டு. அதையும் கெடுத்தா என் கதை முடிஞ்சுது. நீங்களே சொல்லிருங்க மாஸ்டர், எத்தனை இஞ்ச் இறக்கலாம்?"

மாஸ்டர் வெட்டிய ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் போட்டார். வெட்டாத அந்த செட்டை அப்படியே மாட்டினார்.

"ஹெல்மெட்டப் போட்டுட்டு ஏறி உக்காருங்ணா."

சிகாமணி உட்கார்ந்தார். மாஸ்டர் டேப் வைத்து அளந்தார்.

"முக்கால் இஞ்ச் எறங்கிருச்சு. இன்னும் நான் ஒண்ணையும் வெட்டல."

சிகாமணி தொப்பையைத் தடவிக்கொண்டார்.

பிள்ளையார் பொம்மை செய்கிறவரிடம் வாங்கிய களிமண் ஒரு வாளியில் இருந்தது. மாஸ்டர் அதில் நாலு உருண்டை பிடித்து, சக்கரத்துக்கு ஒன்றாக ரப்பர் கட்டைகளின் மேல் அப்பினார்.

"பந்தய ரோட்டுல ஒருக்கா ஏறி எறங்கிட்டு வாங்க."

போய் வந்தார். மண் நசுங்கி, ரெண்டு விரல் கனத்துக்கு மிஞ்சியிருந்தது. மாஸ்டர் அதைக் காட்டினார்.

"ரோடு உங்களுக்கு உட்ட எடம் இவ்வளவுதானுங்ணா. இதுக்குள்ளதான் எறக்கோணும்."

ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று மட்டும் அறுத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி மண் வைத்தார்.

"சுத்து கொறஞ்சா ஸ்பிரிங் வெறைப்பும் ஆகும். எவ்வளவுன்னு ஓட்டித்தான் பாக்கோணும். போயிட்டு வாங்க."

மறுநாள் கால் சுற்று. அதற்கு மறுநாள் இன்னொரு கால் சுற்று. ஒவ்வொரு தடவையும் கழற்று, மாட்டு, மண், மலை. மூன்றாம் நாள் சிகாமணிக்குப் பொறுமை பறந்துவிட்டது.

"செல்வின் ஒரே நாள்ல முடிச்சுட்டானுங்க!"

"அவரு மண்ணு வெச்சுப் பாத்தாருங்களா?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?"

"சரி, நீங்க போயி ஓட்டிட்டு வாங்க."

நாலாம் நாள் மாஸ்டர் கட்டிங் மெஷினை மூடி வைத்துவிட்டார். அவ்வளவுதானா என்று சிகாமணிக்கு வயிறெரிந்தது. செல்வின் வண்டிப் பக்கத்தில் நிறுத்தினால் தன் வண்டி இன்னும் ஒரு முழு இஞ்ச் உயரம்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். மரகதமும் வந்திருந்தார். வண்டி வாங்க ஆசைப்பட்ட ஒருவரின் போன் நம்பர் அவர் பர்சில் இருந்தது.

செல்வின் முதலில் போனான். மூன்றாவது வளைவில், மழைத்தண்ணி அரித்த ஒரு பள்ளம் ரோட்டின் குறுக்கே ஓடுகிறது. அங்கே அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். எடுக்காவிட்டால் வண்டியின் அடிவயிறு கிழிந்துவிடும்.

அடுத்தது சிகாமணி. அதே வளைவு, அதே பள்ளம். காலை எடுக்கவேயில்லை மனுசன்! வண்டி ஒரு அமுங்கு அமுங்கியது, நிமிர்ந்தது, ஆட்டமில்லாமல் வளைந்து மேலே பறந்தது. ஓரமாக நின்று பார்த்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வினாடி வித்தியாசத்தில் முதலிடம். மைக்கில் பேரைச் சொன்னதும் மரகதம் ரெண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். போன் நம்பர் எழுதிய சீட்டை அங்கேயே கிழித்துப் பறக்கவிட்டார்.

திங்கட்கிழமை காலை, கோப்பையைக் கையில் பிடித்தபடி சிகாமணி பட்டறைக்கு வந்தார். மாஸ்டர் சிவப்பு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"ஜெயிச்சுட்டமுங்க மாஸ்டர்!"

"அடேங்கப்பா, கோப்பை உங்க தொப்பைக்குச் சரியா இருக்குதுங்ணா!" அடியிலிருந்தே சிரித்தார்.

"அடுத்த வருசத்துக்கு ஒரு யோசனைங்க. இன்னும் கொஞ்சமே கொஞ்சம் இறக்குனா இதைவிட வேகமாப் போலாமில்லீங்களா?"

மாஸ்டர் வெளியே வந்தார். பந்தயத்துக்கு முன்னால் ரப்பர் கட்டையில் அப்பிய மண்ணைக் கத்தியால் பெயர்த்துக்கொண்டு வந்து, சிகாமணியின் உள்ளங்கையில் வைத்தார். அப்பளக் கனத்துக்கு, உடையாமல் இருந்தது.

"பள்ளத்துல நீங்க காலை எடுக்காமப் போனது இந்த எடம் மிஞ்சுனதாலதானுங்ணா. இதையும் வெட்டிறலாமுங்களா?"